பத்தில் ஒன்று

முப்பத்தோரு வருடம் நாள் தவறாமல் எழுதிய ஒருத்தியின் எழுத்து, அவள் வேலை பார்த்த இடத்தில் இன்று ஒரு வரிகூட இல்லை. அவள் எழுதியது காகிதத்தில் அல்ல, வெள்ளைப் பிளாஸ்டிக் சிலேட்டில். கடல்நீர்த் தொட்டிகளுக்கு நடுவே ஈரக்கையோடு நிற்கிறவர்களுக்கு நோட்டுப் புத்தகம் ஒத்துவராது. தாள் ஊறும், மை கரையும். சிலேட்டில் பென்சிலால் எழுதினால் தொட்டிக்குள் விழுந்தாலும் எழுத்து நிற்கும். மாலையில் ஆய்வாளர் வந்து அதைப் பார்த்து, கெட்டி அட்டைப் பதிவேட்டில் மையால் எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததற்கு அடையாளமாகச் சிலேட்டின் மேல் மூலையில் ஒரு டிக் போடுவார். டிக் விழுந்த சிலேட்டை அவள் பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவி, மறுநாளைக்குக் கவிழ்த்து வைப்பாள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் உரிமை ஆய்வாளருக்கு மட்டும்.

அந்தக் கடல் உயிரியல் நிலையத்தில் அவள் சேர்வதற்கு முன்பே இருந்த வழக்கம் இது. யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அவளும் ரொம்ப காலம் நினைக்கவில்லை.

அவளை எல்லோரும் முள்ளக்கா என்றார்கள். கடல்முள்ளெலிகளை வளர்ப்பதும், அவற்றின் முட்டைகளையும் கருக்களையும் ஆய்வுக்குத் தயார் செய்வதும் அவள் வேலை. பெயரில்தான் எலி இருக்கிறது. பார்வைக்கு அது எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய கரிய உருண்டை, உடம்பெல்லாம் ஊசி. ஊசி குத்தி ஒடிந்தால் அதன் சாயம் தோலுக்குள் தங்கிவிடும். அவளுடைய விரல்நுனிகளில் எப்போதும் நாலைந்து ஊதாப் புள்ளிகள் இருந்தன. பேச்சிலும் கொஞ்சம் முள் உண்டு என்பார்கள். இருந்தது உண்மைதான்.

அப்பா ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியவர். பள்ளி முடித்து, ஆய்வுக்கூட உதவியாளர் படிப்பு இரண்டு வருடம் படித்துவிட்டு, ஆறு மாதத் தற்காலிக வேலை என்று உள்ளே வந்தாள். ஆறு மாதம் பன்னிரண்டு வருடமாக நீண்ட பிறகு நிரந்தரம் ஆனாள். இடையில் கல்யாணம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் ஒரு வயதுக்கு மேல் பேசிக்கொள்ளவும் இல்லை.

கல்யாணமான புதிதில் அவர் அவள் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன, பேனா ஒழுகிடுச்சா?"

"முள்ளு."

"எந்த முள்ளு?"

"சொன்னாப் புரியாது."

"நான் லிஃப்ட் மெக்கானிக். மேல போறதும் புரியும், கீழ வர்றதும் புரியும். நடுவுல மாட்டிக்கிறதுதான் ரொம்ப நல்லாப் புரியும். சொல்லு."

அவள் சொன்னாள். பருவத்தில் முள்ளெலியின் அடிப்பக்கம் ஊசியால் உப்புக் கரைசல் ஏற்றினால் சற்று நேரத்தில் அது முட்டையோ விந்தோ விடும். பெண்ணென்றால் மஞ்சளாக வழியும், ஆணென்றால் பால் போல. பெண்ணை ஒரு பீக்கரின் வாயில் தலைகீழாக உட்கார்த்தினால் ஐந்து துளைகள் வழியாக ஐந்து மஞ்சள் இழைகள் தண்ணீருக்குள் இறங்கும். மெல்லிய வலைத்துணியில் மூன்று தடவை அலச வேண்டும். பிறகு ஆணின் பாலை ஒரு துளி. ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு முட்டையையும் சுற்றி ஒரு வளையம் எழும்பும். அப்புறம் இரண்டாகும், நாலாகும். மறுநாள் நீந்தும். மூன்றாம் நாள் கால்கள் முளைத்து ஒரு சின்னக் கூடாரம் போல நிற்கும்.

"அப்ப குஞ்சு பெருசாகிக்கிட்டே போகும்."

"இல்லைங்க. வாய் திறந்து சாப்பிடுற வரைக்கும் எடை ஏறாது. முதல் நாள் முட்டையில எவ்வளவு புரதமோ, மூணாவது நாளும் கிட்டத்தட்ட அவ்வளவேதான்."

"அப்ப உள்ள ஒண்ணும் நடக்கலை."

"எல்லாரும் அங்கதான் தப்பு பண்றாங்க. உள்ள ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பழைய புரதத்தை உடைக்கும், அந்தத் துண்டுகளை வெச்சே புதுசு கட்டும். உடைக்கிறதும் கட்டுறதும் சமமா இருக்கு. அதனால வெளிய தெரியலை."

"எங்க கம்பெனி மாதிரி. வருஷம் பூரா ஆளை எடுக்குறான், ஆளை அனுப்புறான். போர்டுல எப்பவும் நாப்பது பேர்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. மாறாமல் இருப்பதை நாம் ஓய்வு என்று எண்ணிக்கொள்கிறோம். உயிருள்ளவற்றில் அப்படி ஓய்வு கிடையாது. ஒன்று அப்படியே இருக்கிறது என்றால், அதற்குள் எதுவோ விடாமல் உடைக்கப்படுகிறது என்று அர்த்தம். உடைக்கப்படுவது எது என்பதை மொத்தத் தொகை சொல்லாது.

எவ்வளவு வேகமாக உடைகிறது? பல வருடமாக அந்த நிலையம் கேட்டுவந்த கேள்வி அதுதான். அளப்பதற்கு ஒரு வழி இருந்தது. புரதம் கட்டுவதற்கான துண்டுகளில் ஒன்றின் பெயர் லூசின். கார்பன் என்கிற கரியின் கதிர்வீசும் வகையைக் கொண்டு செய்த லூசினைத் தண்ணீரில் கலந்தால் கரு அதை எடுத்துப் புரதத்தில் வைத்துக் கட்டும். ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஹாட் என்று பெயர். ஒரு மணி நேரம் கழித்துக் கருக்களை அலசிவிட்டு, கதிர் இல்லாத சாதாரண லூசினை, அதாவது கோல்டை, நூறு மடங்குக்குக் கொட்ட வேண்டும். பிறகு சில மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கரு எடுத்து, அமிலம் ஊற்றிப் புரதத்தை வெள்ளையாக அடியில் தங்கவைத்து, அதில் கதிர் எவ்வளவு மிச்சம் என்று எண்ணுவார்கள். கதிர் குறையும் வேகமே புரதம் உடையும் வேகம்.

கோல்டை எதற்கு அவ்வளவு கொட்ட வேண்டும் என்று கணவர் கேட்டபோது அவள் செங்கல்லை வைத்து விளக்கினாள். "ஒரு வீட்டுல கொஞ்சம் செங்கல்லுக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கிறோம். வீட்டை இடிச்சுக்கிட்டே கட்டுறாங்க. இடிச்ச சிவப்புக் கல்லையே எடுத்துப் புதுச் சுவர்ல வெச்சுட்டா, எண்ணிப் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? சிவப்புக் கல்லு அப்படியே இருக்கு, வீட்டை யாரும் இடிக்கவே இல்லைன்னு தெரியும். அதனால முற்றத்துல ஒரு லாரி சாதாக் கல்லைக் கொட்டணும். இடிஞ்ச சிவப்புக் கல்லு அந்தக் குவியல்ல தொலையணும்."

"லாரி வரலைன்னா?"

"வீடு உண்மையைவிட உறுதியாத் தெரியும்."

லாரி வராத நாள் ஒன்று வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் வருடம், முட்டைப் பருவத்தின் கடைசி வாரம். ஆய்வை நடத்தியவர் ஒல்லியான ஓர் இளைஞர், அவளைவிட இரண்டு வயது சிறியவர். அப்போது அவரும் தற்காலிகம்தான். ஆறு பீக்கர்களில் கருக்கள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. ஹாட் போட்டாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் கோல்டு போட வேண்டும். அவள் டப்பாவைத் திறந்தாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. ஸ்டோருக்கு வர வேண்டிய பெட்டி வழியில் எங்கேயோ நின்றிருந்தது.

"சார், கோல்டு இல்லை."

"இருக்குமே அக்கா."

"சுரண்டி நிறுத்துப் பார்த்துட்டேன். வேண்டியதுல பத்துல ஒண்ணுதான் வருது."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் பீக்கர்களைப் பார்த்தார்.

"வர்றதை ஆறுலயும் பிரிச்சுப் போடுங்க."

"பத்தாது சார்."

"போதும்க்கா. இல்லைன்னா அடுத்த பருவம் வரைக்கும் காத்திருக்கணும். முள்ளெலி எனக்காகக் காத்திருக்கும். நேர்காணல் காத்திருக்காது."

அவள் பிரித்துப் போட்டாள். சிலேட்டில் எழுதினாள்: கோல்டு பத்தில் ஒன்று. சார் சொன்னபடி. மாலையில் அவர் வந்து எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டு மூலையில் டிக் போட்டார். அவள் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

ஒரு காரியம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகச் செய்தாள். அமிலம் ஊற்றியதும் புரதம் அடியில் தங்கும். மேலே தெளிவாக நிற்கும் நீரைக் கொட்டிவிடுவார்கள். கருவுக்குள் உதிரியாகத் திரிந்த லூசின் முழுவதும் அந்த நீரில்தான் இருக்கும். அந்த மூன்று நாளும் எடுத்த முப்பத்தாறு மாதிரிகளிலும் மேல்நீரைக் கொட்டாமல் சின்னக் குழாய்களில் பிடித்து, மூடிமேல் அழியாத மார்க்கரால் தேதியும் மணியும் பீக்கர் எண்ணும் எழுதி, ஒரு பெட்டியில் அடுக்கி ஃப்ரீசரின் அடித்தட்டில் வைத்தாள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கட்டுரை அச்சில் வந்தது. புரதத்தில் பாதி உடைய அறுபது மணி நேரம் ஆகிறது என்றது. ஆங்கிலத்தில் செய்முறைப் பகுதியை வாசிக்கும் அளவுக்கு அவளுக்குத் தெரியும். மிகுதியான அளவில் கோல்டு சேர்க்கப்பட்டது என்று போட்டிருந்தது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். அன்றைய பக்கத்தில் நீரின் வெப்பம், உப்பு, கருவின் எண்ணிக்கை என்று சிலேட்டில் இருந்த எல்லாம் இருந்தன, ஒரு வரி தவிர.

"சார், அந்தப் பத்தில் ஒண்ணு?"

"அதனால பெரிய வித்தியாசம் வராதுக்கா. நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

நிரந்தரப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த சமயம் அது. அவளுக்குச் சிபாரிசு எழுத வேண்டியவர்களில் அவரும் ஒருவர். அவள் பேசாமல் தொட்டியைப் பார்க்கப் போனாள். இதைப் பொறுமை என்று சொல்லி அவளை உயர்த்த வேண்டியதில்லை. அந்த மௌனத்தில் பயம் இருந்தது, கொஞ்சம் கணக்கும் இருந்தது. அவள் அன்று பேசியிருந்தால் பின்னால் வந்தது ஒன்றும் வந்திருக்காது.

அறுபது மணி நேரம் பாடப்புத்தகங்களுக்குள் போயிற்று. அந்த இளைஞர் தொப்பை போட்டு, தலை நரைத்து, நிலையத்தின் இயக்குநர் ஆனார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை அறுபது என்றார்கள். "அறுபது வந்தாச்சா?" "அறுபது இன்னிக்கு நல்ல மூடுல இல்லை." நாற்காலி மாறியதும் அவர் முள்ளக்காவை அக்கா என்று கூப்பிடுவதை விட்டு மேடம் என்றார். மரியாதைதான் கூடியது என்று வாதாடலாம்.

அவள் ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு புது ஆய்வாளர் வந்தாள். முப்பத்து மூன்று வயது, சத்தம் போட்டுச் சிரிப்பவள். அதே கருக்களில் அதே அளவீட்டைப் புதிய இயந்திரத்தில் செய்தாள். முப்பத்தெட்டு மணி வந்தது. மறுபடி செய்தாள். முப்பத்தெட்டு. நான்காவது முறையும் முப்பத்தெட்டு வந்ததும், வாராந்தரக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினாள்.

இயக்குநர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க பீக்கர்ல பாக்டீரியா இருந்திருக்கும். சுத்தமா வேலை செய்யக் கத்துக்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அவளை நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்கும் குழு இரண்டு மாதத்தில் கூட இருந்தது. அன்று மதியம் அவள் தொட்டி அறைக்கு வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்கதானே அப்ப பெஞ்சுல இருந்தீங்க? அறுபது எப்படிக்கா வந்துச்சு?"

முள்ளக்கா செத்துப்போன முள்ளெலி ஒன்றைக் கரண்டியால் எடுத்து வெளியே போட்டாள். "எந்திரி, அந்த வாளி வேணும்" என்றாள்.

அந்த வாரமே ஃப்ரீசர்களைக் காலி செய்ய உத்தரவு வந்தது. உரிமையாளர் பெயர் இல்லாத பெட்டிகள் வெள்ளிக்கிழமை கழிவு வண்டியில் போக வேண்டும். ஸ்டோர்காரர் உறைபனியைச் சுரண்டிப் பெட்டிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"முள்ளக்கா, இது உங்க எழுத்து மாதிரி இருக்கே. இருபத்திரண்டு வருஷம்! எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல நாலு நாள் பழசுக்கே எனக்குத் திட்டு விழுது. தூக்கிரலாமா?"

"வை."

"பேர் இல்லையே?"

"வைன்னா வை."

அன்று மாலை அவள் இயக்குநரின் அறைக்குப் போனாள். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்த பிறகு அவள் உள்ளே போனது அது மூன்றாவது தடவை.

"சொல்லுங்க மேடம்."

"அந்தப் பொண்ணோட நம்பர் சரி சார். பாக்டீரியா இல்லை. அந்த ஆறு பீக்கரோட மேல்நீர் என்கிட்ட இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கு வெச்சிருந்தீங்க?"

"கோல்டு பத்துல ஒண்ணுதான் போட்டோம். உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்? பதிவேட்டுல இல்லையே."

"சிலேட்டுல எழுதியிருந்தேன். சார் சொன்னபடின்னும் எழுதியிருந்தேன்."

"சிலேட்டு எங்க?"

"நீங்க டிக் போட்டீங்க. நான் கழுவிட்டேன்."

"கழுவினது நீங்கதானே."

அவர் குரலை உயர்த்தவில்லை. மேஜைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்தினார். "நல்லா யோசிச்சுப் பாருங்க மேடம். அந்தக் குழாயை எண்ணினா என்ன தெரியும்? கோல்டு குறைவா இருந்ததுன்னு தெரியும். அவ்வளவுதான். போட்டது யார் கை? பதிவு பண்ணாம விட்டது யாரு? குழாய் அதையெல்லாம் சொல்லாது. மூணு மாசத்துல கௌரவமா வீட்டுக்குப் போங்க. வெள்ளிக்கிழமை வண்டி வருது."

அவர் சொன்னதில் பொய் குறைவு. அவளைக் கொன்றது அதுதான். அந்தக் கரியின் கதிர் பாதி தேய்வதற்கே ஐயாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். இருபத்திரண்டு வருடம் அதற்கு ஒரு கணக்கே இல்லை. குழாய்கள் இன்றும் அன்றுபோலவே பேசும். ஆனால் எவ்வளவு என்று மட்டும்தான் பேசும். யார் சொன்னது, யார் மறுத்தது, யார் எழுதியது, யார் எழுதாமல் விட்டது என்பது கரியில் ஒட்டாது. எண் திருந்த வேண்டுமென்றால் குற்றம் அவள் தலையில் விழ வேண்டும். அவள் பெயர் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் அறுபது அப்படியே நிற்க வேண்டும், புது ஆய்வாளர் அழுக்குக் கைக்காரி என்ற பெயரோடு வெளியே போக வேண்டும். மூன்றாவது வழி ஒன்று சிலேட்டில் இருந்தது. அது கழுவிய தண்ணீரோடு போய்விட்டது.

வீட்டில் கணவர் ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை இறங்கவில்லை.

"விட்டுடு" என்றார். "அறுபதோ முப்பத்தெட்டோ, அதால எந்த முள்ளெலிக்குக் கல்யாணம் நிக்கப்போகுது?"

"அந்தப் பொண்ணு?"

"அந்தப் பொண்ணு உனக்கு யாரு? நேத்து வந்தவ."

"நானும்தான் ஆறு மாசத்துக்குன்னு வந்தேன்."

"அதான் சொல்றேன். முப்பது வருஷம் உழைச்சிட்டு, கடைசில திருடி மாதிரி வெளிய வரணுமா?"

"திருடின்னு சொல்ல மாட்டாங்க. கவனமில்லாதவன்னு சொல்லுவாங்க."

"உனக்கு எது ரோஷம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டாவது."

அவர் இறங்கி வந்து சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. "பார்த்தியா, நான் போட்டது எரியுது. இதுக்கு எவன் கையெழுத்தும் வேணாம்" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

வியாழன் காலையில் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் புது ஆய்வாளரின் மேஜைமேல் வைத்தாள். ஏன் கொடுத்தாள் என்று பிறகு கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு பதில் சொன்னாள். ஒருவரிடம் அந்தப் பெண்ணுக்காக என்றாள், இன்னொருவரிடம் அறுபதின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக என்றாள். எனக்கு இரண்டும் போதுமானதாகத் தோன்றவில்லை. அந்தக் கருக்களை அவளைப்போல யாரும் அத்தனை முறை அலசியதில்லை. அவை எவ்வளவு வேகமாகத் தம்மையே உடைத்துக் கட்டிக்கொள்கின்றன என்பதைப் பற்றி ஒரு பொய், தன் கையால் போட்டது, புத்தகங்களில் இருக்கிறது. அது அவளைத் தைத்திருக்கலாம். அதைப் பெருந்தன்மை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒழுங்காகக் கழுவாத பீக்கரைப் பார்த்தால் அவளுக்கு வரும் எரிச்சலும் அதே ஜாதிதான்.

முதலில் லூசினின் மொத்த அளவை ஓர் இயந்திரம் அளந்தது. பிறகு கதிர் எண்ணும் இயந்திரத்தில் குழாய்கள் வரிசையாக இறங்கின. குழாய்க்கு ஐந்து நிமிடம், முப்பத்தாறு குழாய். இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். கோல்டு போதுமான அளவு இருந்திருந்தால் முதல் சில மணி நேரத்திலேயே உதிரி லூசினில் கதிரின் பங்கு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. மூன்றாம் நாள் குழாயிலும் கதிர் தொடர்ந்து அடித்தது. இடித்த சிவப்புக் கல்லையே எடுத்து எடுத்துச் சுவர் கட்டியிருந்தார்கள். பழைய பதிவேட்டின் எண்களை இதைக் கொண்டு திருத்திப் பார்த்தபோது முப்பத்தொன்பது மணி வந்தது.

"அக்கா" என்றாள் புது ஆய்வாளர். "சிலேட்டு விஷயத்தை நான் எழுதுறேன். நீங்க எச்சரிச்சீங்க, பதிவாகலைன்னு எழுதுறேன். ஒரு வரி விடமாட்டேன்."

"எழுது."

"என்னை நம்பலையா?"

"எழுதுன்னுதானே சொன்னேன்."

திருத்தக் குறிப்பு வெளிவர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் முள்ளக்கா ஓய்வுபெற்றிருந்தாள். வழியனுப்பு விழா என்று எதுவும் நடக்கவில்லை. இயக்குநர் வெளியூர் போயிருந்தார். ஸ்டோர்காரர் மட்டும் வாசல்வரை வந்து, "இனிமே முள்ளு குத்தாது. நீங்கதான் யாரையாவது குத்தணும்" என்றார். புது ஆய்வாளர் நிரந்தரம் ஆனாள். அவள் எண்ணை இனி யாரும் பாக்டீரியா என்று சொல்ல முடியாதே.

குறிப்பின் அச்சுத்தாளை அவளே முள்ளக்காவின் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உட்காரச் சொல்வார்களா என்று பார்த்தபடி நின்றாள். முள்ளக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி வாசித்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை, பதினான்கு வரி. முந்தைய கட்டுரையின் அறுபது மணி தவறு, சரியான அளவு முப்பத்தெட்டு. பிழைக்குக் காரணம், அப்போதைய தொழில்நுட்ப உதவியாளர் கோல்டு லூசினைக் குறைவாகச் சேர்த்ததும் அதைப் பதிவுக்குக் கொண்டுவராததும். மூல ஆய்வாளர் இதை நேர்மையோடு வெளிக்கொணர்ந்து திருத்துகிறார். கீழே இருவரின் கையெழுத்து.

உதவியாளர் என்று மட்டும் விட்டிருக்கலாம். விடவில்லை. அவளுடைய பெயர் முழுதாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் அவள் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. எத்தனையோ கட்டுரைகளின் கடைசியில், விலங்குகள் தந்த மீன்பண்ணைக்கு நன்றி, படம் வரைந்தவருக்கு நன்றி என்று இருக்கும். அதிலெல்லாம் இடம் இல்லாதவளுக்கு இதில் இருந்தது.

"நான் எழுதினது வேற அக்கா."

"தெரியும்."

"அவர் மாத்திட்டார். கையெழுத்து போடலைன்னா குறிப்பே வராதுன்னார். நம்பராவது திருந்தட்டும்னு…"

"அன்னிக்கு எனக்கும் நிரந்தரப் பட்டியல் இருந்துச்சு" என்றாள் முள்ளக்கா.

அது மன்னிப்பா, குத்தலா என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. முள்ளக்கா தாளில் அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"முப்பத்தெட்டுக்கு அப்புறம் புள்ளி ஒண்ணும் போடலையே?"

"புள்ளி நாலு. அட்டவணையில இருக்கு அக்கா."

"சரி. கதவைச் சாத்திட்டுப் போ."

எண் திருந்தியதில் அவளுக்கு நிம்மதி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அவள் அந்தத் தாளை நாலாக மடித்து அலமாரிக்குள் வைத்தாள். இரண்டு நாள் கழித்து எடுத்து மறுபடி வாசித்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினாள். தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவருக்குச் செங்கல் கதையிலிருந்து தொடங்கி விளக்கினாள். அவர் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு, "கடைசில யாருங்க பொய் சொன்னது?" என்று கேட்டார். "யாரும் சொல்லலை, அதான் பிரச்சனை" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. கடையில் அழியாத மார்க்கர் ஒன்று வாங்கி வந்து, சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றின் மேலும் எழுத ஆரம்பித்தாள். உப்பு, இந்தத் தேதி, கழுத்துவரை. சோப்புத்தூள், இந்தத் தேதி, அரை. ஒரு நாள் கணவர் சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை, முக்கால், நிரப்பியது: அவர்.

"ஏன்டி, நான் சர்க்கரை கொட்டினதை எதுக்கு ஊருக்கு எழுதி வெச்சிருக்க?"

"நாளைக்கு யாராவது கேட்டா?"

"நாம ரெண்டே பேரு. யாரு கேக்கப்போறா?"

அவள் அடுத்த டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். அவள் வெளியே போயிருந்த ஒரு மதியம் அவர் சர்க்கரை டப்பாவைத் தொட்டியில் வைத்து, பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டுத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.